மேற்குப் பார்த்த மனையும் மொட்டை மாடியும்

எங்கள் மனை திருச்சிக்கு வெளியே இருக்கிறது. 40-க்கு 60, ஐந்தரை சென்ட், சாலை மேற்கே. மேற்குப் பார்த்த மனை என்றதும் வீட்டில் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிட்டது. சாயங்கால வெயில் அப்படியே வாசலில் இறங்கும், ராத்திரி படுக்க முடியாது என்றார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் வாசல் எந்தப் பக்கம் என்பதைவிட, நீளமான சுவர்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதுதான் முக்கியம். எங்கள் மனையில் சாலையோரம் 40 அடி, உள்ளே 60 அடி. இரு பக்கமும் இடம் விட்டது போக வீடு 26 அடி அகலம், 40 அடி நீளம். நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. மேற்கு வெயிலுக்குக் காட்டுவது 26 அடி மட்டும். எல்லோரும் ஆசைப்படுகிற வடக்குப் பார்த்த மனையாக இதே அளவில் கிடைத்திருந்தால், 40 அடிச் சுவர் மேற்கு வெயிலில் நின்றிருக்கும்.

வரைபடம் போடுவதற்கு முன்பே மனையில் ஒரு கம்பை நட்டு நிழலைப் பார்க்க ஆரம்பித்தேன். இதற்கு எந்தச் செயலியும் வேண்டாம். கம்பு, சுண்ணாம்புக் கோடு, பொறுமை போதும். திருச்சி 10.8 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரப்படி 12:15 வாக்கில். சித்திரை பிறந்த சில நாட்களில் உச்சிப் பொழுதில் கம்புக்கு நிழலே விழாது. அதற்கப்புறம் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, நிழல் தெற்கே விழுகிறது. வீடு கட்டுவது பற்றிய பல புத்தகங்களில் வடக்கு ஜன்னலுக்கு வெயிலே படாது, மறைப்பு தேவையில்லை என்று எழுதியிருப்பார்கள். அது டெல்லிக்கும் அதற்கு மேலும் ஓரளவு பொருந்தலாம். இங்கே வருடத்தின் நாலு மாதம், அதுவும் கொடும் வெயில் மாதங்களில், வடக்குச் சுவர் வெயில் வாங்குகிறது.

இது தெரிந்ததும் சன்ஷேடு கணக்கு சுலபமாகிவிட்டது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கே 77 டிகிரி உயரத்தில் நிற்கும். ஒன்றரை அடி நீட்டிய சன்ஷேடு, ஜன்னல் முழுவதையும் தாண்டி ஆறரை அடிக்கு நிழல் தரும். தெற்கில் டிசம்பர் சூரியன் 56 டிகிரிக்கு இறங்கும், அங்கே 2 அடி நீட்டினால் ஏறக்குறைய 3 அடி நிழல். மார்கழியில் ஜன்னலின் கீழ்ப்பாதியில் கொஞ்சம் வெயில் வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆக வடக்கும் தெற்கும் சன்ஷேடுக்கு அடங்கிவிடுகின்றன. மேற்கு அடங்காது. பங்குனியில் சாயங்காலம் நாலேகாலுக்குச் சூரியன் ஏறக்குறைய 30 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அப்போது 2 அடி சன்ஷேடு ஜன்னலின் மேல் ஓரடிக்குத்தான் உதவும். இன்னும் முக்கால் மணி நேரம் போனால் அதுவும் முழுசாகக் கிடையாது.

என்ஜினியர் முதலில் கொண்டுவந்த முகப்புப் படம் கணினியில் பார்க்க அழகாக இருந்தது. கருஞ்சாம்பல் நிறம், மாடிப்படிப் பக்கம் தரையிலிருந்து உச்சிவரை ஒரு கண்ணாடிப் பட்டை, ஓரத்தில் அலுமினியத் தகடு. எல்லாம் மேற்குப் பக்கம். இன்று நம் ஊர்களில் எழும்பும் பாதி வீடுகள் இப்படித்தான் இருக்கின்றன. கண்ணாடி வெயிலை உள்ளே விடும், உள்ளே சூடான தரையும் சுவரும் விடுகிற வெப்பத்தை வெளியே விடாது. கருநிறம் வாங்கியதையெல்லாம் வைத்துக்கொள்ளும். கண்ணாடிப் பட்டையை எடுத்துவிடுங்கள் என்றதும் அவர், “சார், எலிவேஷனே போயிடுமே” என்றார். போகட்டும் என்றேன். வெள்ளைச் சுவர், ஓட்டுச் சாய்ப்பு, திண்ணை என்று மாற்றி வரைந்து தந்தார். முதலில் மனசில்லாமல்தான் செய்தார், பிறகு அவரே ஆர்வமாகிவிட்டார்.

அம்மாவோடு பேச்சுவார்த்தை இதைவிட நீளம். குடும்பத் தலைவன் கன்னி மூலையில்தான் படுக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தென்மேற்கு மூலை, அதாவது வீட்டிலேயே மிக அதிகமாக சாயங்கால வெயில் வாங்கும் அறை, படுக்கையறை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வெளியே வாங்கிய சூட்டை உள்ளே கொண்டுவர ஆறேழு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நாலு மணி வெயில் பத்துப் பதினொரு மணிக்குக் கட்டிலுக்கு வந்து சேரும். பகலில் யாரும் இல்லாத கடைக்கோ அலுவலகத்துக்கோ இந்தத் தாமதம் நல்லது. படுக்கையறைக்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது.

சண்டை போட்டு வீடு கட்ட முடியாது. கன்னி மூலை அறையை அப்படியே வைத்துக்கொண்டோம், அதன் மேற்குச் சுவரைப் பாதுகாப்பது என் பொறுப்பு என்று முடிவானது. வடமேற்கில் மாடிப்படியையும் குளியலறையையும் வைத்தோம். வாஸ்துவும் அதற்கு மறுப்பில்லை, எனக்கும் அந்தப் பக்கம் வெயிலுக்கு ஒரு தடுப்பு கிடைத்தது. அடுப்படி தென்கிழக்கு. அம்மாவின் அறை கிழக்கு ஓரம். பன்னிரண்டு மணிக்கு மேல் கிழக்குச் சுவரில் வெயில் கிடையாது. ராத்திரிக்குள் ஆறிவிடும். பெரியவர் படுக்க அதுதான் சரியான இடம். ஈசானிய மூலைக்குப் பக்கத்தில் என்பதால் அவருக்கும் திருப்தி.

மேற்குச் சுவருக்கு ‘ராட் டிராப்’, அதாவது எலிப்பொறிக் கட்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி அடுக்கும்போது, ஒன்பது அங்குலச் சுவரின் நடுவே மூன்று அங்குலக் காலி இடம் கிடைக்கிறது. அந்தக் காற்று வெப்பத்தை மட்டுப்படுத்துகிறது. கல்லும் கால்வாசி குறையும். எங்கள் கொத்தனார் இதைக் கேள்விப்பட்டிருந்தார், கட்டியதில்லை. தரையில் கலவை இல்லாமல் இரண்டு வரிசை அடுக்கிப் பார்த்துவிட்டு, “இதுக்குக் கல்லு ஒரே அளவா இருக்கணும் சார், நாட்டுக் கல்லு சரிப்படாது” என்றார். அவர் சொன்னதுதான் உண்மை. சூளைக் கல் ஒவ்வொன்றும் கால் அங்குலம் வித்தியாசப்பட்டால் உள்ளே இருக்கும் வெற்றிடம் கலவையால் நிரம்பிவிடும். அதனால் இந்தச் சுவருக்கு மட்டும் ஒரே அளவில் வரும் சேம்பர் செங்கல் வாங்கினோம். ஜன்னல் ஓரங்களிலும், லிண்டல் மட்டத்திலும், அடி வரிசையிலும் கெட்டியாகவே கட்ட வேண்டும். அப்புறம், எலக்ட்ரீஷியன் வந்து காடி வெட்டினால் பக்கவாட்டுக் கல் உடைந்து ஓட்டையாகிவிடும். எந்த சுவிட்ச் எங்கே என்று முன்பே முடிவுசெய்து, பைப்பைச் சுவருக்குள்ளேயே இறக்கிவிட்டோம். அறையின் உட்பக்கம் அந்தச் சுவர் முழுக்க அலமாரி. துணிமணி அடுக்கிய அலமாரி ஒரு இரண்டடி ஆழத் தடுப்பு, தனிச் செலவில்லாமல்.

வெளிப்பக்கம் 26 அடிக்கும் ஐந்தடி அகலத் திண்ணை, மேலே மங்களூர் ஓட்டுச் சாய்ப்பு. சாய்ப்பின் வெளி விளிம்பை ஆறரை அடிக்கு இறக்கினோம். உயரமானவர்கள் குனிந்துதான் வருகிறார்கள், இறக்கியதற்குக் காரணம் இருக்கிறது. இந்த உயரத்தில் பங்குனிச் சாயங்காலம் நாலேகாலுக்கு வெயில் சுவரின் கீழ் மூன்றரை அடியில்தான் படும். விளிம்பு எட்டடியில் இருந்தால் ஏறக்குறைய ஐந்தடிக்குப் படும். மிச்ச வெயிலுக்காக வெளி விளிம்பில் நாலடி உயரத்துக்குச் சுட்ட மண் ஜாலிக் கல், அதாவது துளைகள் உள்ள கல். ஜாலிக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள இரண்டரை அடி இடைவெளியில் மூங்கில் தட்டி சுருட்டித் தொங்குகிறது. மூன்று மணிக்கு இறக்கிவிடுவோம், இருட்டியதும் ஏற்றிவிடுவோம். வெட்டிவேர்த் தட்டி போட்டு நனைக்கலாமா என்று மனைவி கேட்டார். காற்று வறண்டிருக்கும் பங்குனி, சித்திரையில் அது நன்றாகக் குளிர்ச்சி தரும், மணமும் தனி. விலையையும், தினமும் யார் தண்ணீர் தெளிப்பது என்பதையும் பேசி மூங்கிலோடு நின்றுவிட்டோம்.

மேற்கை ஒரேயடியாக அடைத்துவிடாததற்குக் காரணம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடியில் திருச்சி வரை அடிக்கிறது. வெயிலும் மேற்கிலிருந்து, காற்றும் மேற்கிலிருந்து. இந்த ஊரில் வீடு வரைவதில் உள்ள சிக்கலே இதுதான். ஜாலி இரண்டையும் பிரித்துவிடுகிறது. வெயிலைத் துண்டாக்கி நிறுத்தும், காற்றை விடும். கூடவே புழுதியையும் விடும். ஆடியில் திண்ணையை இரண்டு வேளை பெருக்க வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் சுவர். பணமும் கவனமும் முதலில் போக வேண்டிய இடம் கூரை. சித்திரை மாதத்தில் ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஒரு நாளைக்கு விழும் வெயில் ஏறக்குறைய 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். எங்கள் கூரை 1,040 சதுர அடி, அதாவது சுமார் 97 சதுர மீட்டர். தினமும் 580 யூனிட். மறைப்பில்லாத மேற்குச் சுவரே ஆனாலும், சதுர மீட்டருக்கு இதில் பாதிதான் வாங்கும். அதுவும் கூரையோடு ஒப்பிட்டால் சுவரின் பரப்பு எவ்வளவு சின்னது! சுவர் வண்ணத்துக்கும் முகப்புக்கும் லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, மாடிக்கு மிஞ்சிய காசில் ஏதோ ஒரு டைல் ஒட்டுவது எனக்குப் புரியாத விஷயம்.

கான்கிரீட் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் பொருள். ஐந்தங்குல ஸ்லாப் தனியாக நின்றால் அது கூரையே இல்லாதது போலத்தான். பழைய ஆட்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் நாட்டு ஓட்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்கு போட்டிருப்பதைப் பார்க்கலாம். கான்கிரீட்டிலேயே செய்ததற்குப் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி இருக்கிறது. அன்டொனின் ரேமண்ட் வடிவமைத்து 1930-களின் கடைசியில் கட்டத் தொடங்கியது. கூரை ஸ்லாப்புக்கு மேலே வளைந்த கான்கிரீட் பலகைகளை அடுக்கி, நடுவில் காற்று ஓட இடம் விட்டிருக்கிறார்கள். வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதில் முழுக்கத் திறக்கக்கூடிய கிடைப்பலகைகள். ஏசி என்பதே நம் ஊருக்குப் பழக்கமாகாத காலத்தில் யோசித்த கட்டடம்.

எங்கள் ஸ்லாப் தை மாதம் போட்டோம். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, பிறகு உள்பூச்சு வேலை நடந்தபோது பங்குனி, சித்திரை வந்துவிட்டது. மாடியில் எதுவும் போடாமல் வெறும் ஸ்லாப். துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு மாடித் தரை 60 டிகிரியைத் தாண்டியது. உள்ளே, ஸ்லாப்பின் அடிப்பக்கம் அப்போது அவ்வளவாக ஏறவில்லை. ஐந்து மணிக்கு 44. ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தாலும் 40-க்குக் கீழே இறங்கவில்லை. வெளியே காற்று 31. தலைக்கு மேலே ஆயிரம் சதுர அடி சூடான பலகை இருக்கும்போது, ஃபேன் போட்டால் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும்.

மேஸ்திரிக்குச் சுருக்கி போடுவதில்தான் நம்பிக்கை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பது. நன்றாகச் செய்தால் ஒழுகாது, வெடிக்காது, ஒரு தலைமுறைக்கு நிற்கும். ஆனால் தட்டத் தெரிந்த ஆட்கள் இப்போது கிடைப்பதில்லை. சிமென்டைக் கலந்து ஒரே நாளில் முடித்துவிட்டு அதையும் சுருக்கி என்றே சொல்கிறார்கள். இன்னொன்று, மூன்றங்குலச் சுருக்கி சதுர அடிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ கனக்கும், வெப்பத்தை மட்டுப்படுத்துவதோ ஓரளவுதான். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் வீடுகளுக்காக 2018-ல் கொண்டுவந்த ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ விதிகள், கூரையின் வெப்பக் கடத்தல் மதிப்பு 1.2 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்கின்றன. சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு என்று கணக்கு. வெறும் ஸ்லாப் இதைப் போல மூன்று மடங்கு. சுருக்கி போட்டால் இரண்டு மடங்குக்கு வரும். விதிக்குள் வர வேண்டும் என்றால் தனியாக ஒரு வெப்பத்தடுப்பு வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்தது இரண்டங்குல எக்ஸ்பிஎஸ் பலகை. தெர்மாகோலுக்கு ஒன்றுவிட்ட தம்பி, ஆனால் கெட்டியானது, தண்ணீர் உறிஞ்சாது. மேஸ்திரி அதைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தார்.

“இதுமேல டைல் போட்டு நடந்தா அமுங்கிடாதா சார்?”

“நீங்களே மேல ஏறி நில்லுங்க.”

ஏறி நின்றார். இரண்டு மூட்டை சிமென்டையும் ஏற்றி வைத்தார். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “சரி, போட்டுடலாம்” என்றார். அவருடைய அடுத்த கேள்விதான் நல்ல கேள்வி: நாளைக்குப் பிள்ளைகள் மாடி எடுத்தால் இதையெல்லாம் உடைக்க வேண்டுமே? உண்மைதான், மேலே போட்டிருக்கும் கான்கிரீட்டும் டைலும் போகும், பலகையைப் பெயர்த்துப் புதுக் கூரைக்குக் கொண்டுபோகலாம். தூண் கம்பிகளை நீட்டிவிட்டு, அவற்றைச் சுற்றிச் சின்ன மேடை கட்டிவிட்டோம்.

வேலை நடந்த வரிசை இப்படி. ஸ்லாப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, இரண்டு கோட் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு. கைப்பிடிச் சுவரின் அடியில் ஓரடி உயரம் வரை பூச்சை ஏற்றினோம், ஒழுகுவது பெரும்பாலும் அந்த மூலையில்தான். காய்ந்ததும் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்தோம். அதன்மேல் பலகைகளைச் செங்கல் வரிசை போலத் தள்ளித் தள்ளி அடுக்கி, இணைப்புகளில் டேப். மேலே பாலிதீன் விரிப்பு, கோழி வலை, சராசரி இரண்டங்குலத்துக்குச் சின்ன ஜல்லி கான்கிரீட். எட்டடிக்கு ஓரங்குலம் வாட்டம். இந்தக் கான்கிரீட்டை ஒரே பரப்பாகப் போடாமல் கட்டம் கட்டமாகப் பிரித்தோம். கீழே தடுப்பு இருப்பதால் இது ஸ்லாப்பைவிட அதிகமாகச் சுடும், விரியும், பிரிவு இல்லாவிட்டால் வெடிக்கும். கடைசியில் வெள்ளை டைல்.

ஃபால்ஸ் சீலிங் போட்டால் போதாதா என்று மாமா கேட்டார். அடியில் மறைத்தால் சூடு அறைக்குள் இறங்குவது குறையும், ஆனால் ஸ்லாப் தினமும் 60 டிகிரி வரை காய்ந்து ராத்திரி சுருங்கும். நாளடைவில் விரிசல் அதில்தான் வரும். தடுப்பு மேலே இருந்தால் ஸ்லாப் வெயிலையே பார்ப்பதில்லை. அதோடு, ராத்திரிக் காற்றில் குளிர்ந்த ஸ்லாப் மறுநாள் பகலில் நம் தலைக்கு மேலே குளிர்ச்சியாகவே இருக்கும். அடுத்த சித்திரையில் அதே வெப்பமானியில் ஐந்து மணிக்கு ஸ்லாப்பின் அடிப்பக்கம் 34 காட்டியது.

கூடுதல் செலவு சுமார் இரண்டு ஏசி விலை. அவ்வளவு பணம் இல்லாதவர்கள், ஏற்கெனவே கட்டிய வீட்டில் இருப்பவர்கள், மாடிக்கு வெள்ளை அடித்தாலே கணிசமாகக் குறையும். கிளிஞ்சல் சுண்ணாம்பில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து மாசி மாதம் அடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் கரையும், வருடா வருடம் அடிக்க வேண்டும். இருந்தாலும் செலவழிக்கும் காசுக்கு இதைவிடப் பலன் தருவது வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

ஜன்னல் கடையில் ஒரு மணி நேரம் வாதாடினேன். இப்போது எங்கே போனாலும் யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஸ்லைடிங். நாலுக்கு நாலு ஸ்லைடிங் ஜன்னலில் காற்று வர எட்டு சதுர அடிதான், பாதி எப்போதும் மூடியே இருக்கும். மேலே சொன்ன அதே விதிகள், திருச்சி மாதிரி புழுக்கமான ஊர்களில் திறக்கக்கூடிய பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கின்றன. 12-க்கு 12 அறைக்கு 24 சதுர அடி. இரண்டு ஸ்லைடிங் ஜன்னல் வைத்தால் 16-தான் தேறும். கதவு போலத் திறக்கும் ஜன்னல் இரண்டு வைத்தால் சட்டம் போக 24 தாராளமாக வந்துவிடும். நாங்கள் வேப்பமரச் சட்டத்தில் பழைய மாதிரி ஜன்னல் செய்தோம், கதவு மட்டும் கண்ணாடியும் பலகையும் கலந்து. வடக்கு ஜன்னல்களின் மேற்கு ஓரத்தில் ஓரடி அகலத்துக்கு ஒரு நிமிர்ந்த மறைப்பு. ஜூன் மாத நாலு மணிச் சூரியன் நேர் மேற்கிலிருந்து 20 டிகிரி வடக்கே தள்ளி நின்று சாய்வாக உள்ளே பார்க்கும், அதற்காக. கொசு வலை காற்றைக் குறைக்கத்தான் செய்கிறது. வேறு வழியில்லை.

முற்றம் வைக்க எல்லோருக்கும் ஆசை. 1,040 சதுர அடியில் முற்றத்துக்கு இடம் விட்டால் அறைகள் சுருங்கும். திருட்டுக்கும் மழைக்கும் பயந்து கடைசியில் அதன்மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டுவிடுவார்கள். பல புது வீடுகளில் பார்க்கிறேன். வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது, முற்றத்தின் வேலைக்கு நேர் எதிர். அதற்குப் பதில் மாடிப்படி உச்சியில் இருக்கும் ஹெட்ரூமைப் பயன்படுத்திக்கொண்டோம். அதன் கிழக்குச் சுவரின் மேல்பகுதியில் சாய்பலகை வைத்த திறப்பு, கம்பி வலையோடு. வீட்டின் சூடான காற்று படிக்கட்டு வழியாக ஏறி அங்கே வெளியேறும், ஜன்னல்கள் வழியாக ராத்திரிக் காற்று உள்ளே வரும். ஊதுவத்தி கொளுத்திப் படியடியில் பிடித்தால் புகை மேலே போவது நன்றாகத் தெரிகிறது. மழைச்சாரல் அடிக்கும் ஐப்பசியில் மட்டும் மூடிவிடுகிறோம்.

வெளியே பேவர் கல் பாவச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். கார் ஏறும் இரண்டு பட்டைகளுக்கு மட்டும் பாவினோம், மிச்சம் மண். ஜன்னலுக்கு வெளியே வெயிலில் காய்ந்த கல் பரப்பு இருந்தால், அதைத் தொட்டு வரும் காற்றுதான் வீட்டுக்குள் வரும். சாலையோரம் இரண்டு புங்கன் கன்று. மாசி, பங்குனியில் இலை உதிர்த்து, வெயில் உச்சிக்குப் போவதற்குள் தளிர்த்து அடர்ந்துவிடும் மரம். அது வளரும்வரை திண்ணை ஓரம் கோவைக்கொடியை ஏற்றிவிட்டிருக்கிறோம். காயும் ஆகிறது.

மாடியில் மூன்று கிலோவாட் சோலார். 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். பேனலைத் தரையோடு ஒட்டி வைக்காமல் ஏழடி உயரக் கம்பிச் சட்டத்தில், தெற்கு நோக்கிப் பத்து டிகிரி சாய்த்து வைத்தோம். கீழே கிட்டத்தட்ட 200 சதுர அடிக்கு நிழல். காற்றோட்டம் இருப்பதால் பேனலும் அதிகம் சூடாகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் உற்பத்தி 0.4 சதவீதம் அளவுக்குக் குறையும் என்பதால் இது வெறும் அழகுக்காகச் செய்தது இல்லை. தண்ணீர்த் தொட்டியையும் அந்த நிழலுக்குள் தள்ளிவிட்டோம். கத்திரி வெயிலில் குழாயைத் திறந்தால் கொதிநீர் வரும் தொல்லை போயிற்று. கம்பிச் சட்டத்தின் கால்களைப் பலகைக்கு மேல் வைக்கவே கூடாது, ஸ்லாப்பில் எழுப்பிய கான்கிரீட் மேடையில் போல்ட் போட வேண்டும். ஆடிக்காற்று பேனலைத் தூக்கப் பார்க்கும்.

குடியேறிய பிறகு வீட்டை நடத்துவதற்கும் ஒரு பழக்கம் வேண்டியிருக்கிறது. வெயில் மாதங்களில் காலை எட்டரைக்கு ஜன்னல்களை மூடுகிறோம், ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு, வெளியே உள்ளேயைவிடக் குளிர்ந்ததும், எல்லாவற்றையும் திறக்கிறோம். அம்மாவுக்கு இது பிடிபட நாளாயிற்று. பகலில் ஜன்னலைச் சாத்தினால் வீடு புழுங்கும் என்பது அவர் அறுபது வருடப் பழக்கம். பழைய வாடகை வீட்டில் அது சரிதான், அங்கே கூரையே சுட்டுக்கொண்டிருந்தது. இங்கே வெளியே 40 இருக்கும் மதியத்தில் கூடத்தில் 33, 34. மின்விசிறிக்கடியில் தாராளமாக உட்காரலாம்.

இவ்வளவு செய்தும் கைகொடுக்காத காலம் ஒன்று உண்டு, புரட்டாசி. பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் என்பார்களே, அந்த மாதம். மேற்குக் காற்று ஓய்ந்துவிடும், வடகிழக்கு இன்னும் வராது, ஈரப்பதம் ஏறிக்கிடக்கும். கூரை சூடாகவில்லை, சுவர் சூடாகவில்லை, இருந்தும் வேர்வை காயாது. ஜன்னல் திறந்தால் வருவதற்குக் காற்றே இல்லை. அதற்காகத்தான் கன்னி மூலை அறையிலும் அம்மா அறையிலும் ஒரு டன் ஏசி வைத்தோம். கூரை வாங்கும் சூடு குறைந்திருப்பதால் ஒரு டன்னே போதுமானதாக இருக்கிறது. 26-ல் வைத்து ஃபேனையும் ஓட்டுகிறோம். அடுப்படிதான் இன்னும் தொல்லை. தென்கிழக்கு மூலையில் காலை வெயிலும் அடுப்பும் சேர்ந்துகொள்கின்றன. அங்கே கிழக்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு பந்தல் போட்டு அவரையைப் படரவிடலாம் என்றிருக்கிறோம், குழி வெட்டியாகிவிட்டது, பந்தல்கால் வர வேண்டும்.